பார்வைக்கும் பந்தயத்துக்கும் ஒரே கார்

(பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)

பரிசளிப்பு விழாவில் பேச வருபவர்கள் கல்வியின் பெருமையைப் பேசுவது வழக்கம். அதைப் பேச என்னைவிடத் தகுதியுள்ளவர்கள் இந்த மேடையிலேயே இருக்கிறார்கள். நான் பட்டறைக்காரன். எனக்குத் தெரிந்ததைப் பேசினால்தான் என் பேச்சில் உண்மை இருக்கும். ஆகவே ஒரு காரைப் பற்றிப் பேசப் போகிறேன். கண்காட்சியில் நிறுத்தினால் கூட்டம் கூட வேண்டும். பந்தயத் தடத்தில் விட்டால் மற்றவர்களோடு சளைக்காமல் ஓட வேண்டும். அப்படி இரண்டு வேலைக்கும் ஒரே காரை எப்படித் தயார் செய்வது என்பதுதான் பொருள்.

"இது பிள்ளைங்களுக்குச் சொல்ற சங்கதியா?" என்று சில தாய்மார்கள் நினைக்கலாம். சொல்ல வேண்டிய சங்கதிதான், அம்மா. உங்கள் பையன் பதினாறு, பதினேழு வயதில் எப்படியும் இந்தப் பேச்சில் போய் விழுவான். அப்போது யாரிடம் கேட்டுக்கொண்டு விழுகிறான் என்பதுதான் கவலை. தெரிந்தவனிடம் கேட்டால் அது தொழில். தெரியாதவனிடம் கேட்டால் சில நேரங்களில் உயிருக்கே உலை.

நம் வட்டாரத்துக்குப் பந்தயம் புதிதன்று. சிங்கப்பூர் தாம்சன் சாலையில் 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரீ பந்தயம் நடந்தது. ஷா ஆலம் பத்து தீகாவில் ஓட்டத்தடம் இருந்தது. செப்பாங்கில் 1999 முதல் 2017 வரை எஃப்-1 பந்தயம் நடந்தது. ஈப்போவைச் சேர்ந்த கரம்ஜித் சிங் 2002ஆம் ஆண்டு உற்பத்திக் கார்களுக்கான உலக ராலிப் பட்டத்தைப் புரோட்டோன் காரில் வென்று வந்தார். ஓட்டியவர் பெயரை உலகம் சொல்லும். ஒவ்வொரு நட்டையும் முடுக்கிக் கொடுத்தவன் பெயரை யாரும் சொல்வதில்லை. ஆனால் அவன் கை தவறினால் ஓட்டுபவர் வீடு திரும்ப மாட்டார்.

நிற்க. உதாரணத்துக்கு ஒரு காரை எடுத்துக்கொள்வோம். புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ. சின்னக் கார், 1,834 சி.சி. எஞ்சின், முன்சக்கர ஓட்டம். அப்போது புரோட்டோனுக்குச் சொந்தமாயிருந்த இங்கிலாந்து லோட்டஸ் நிறுவனத்தின் பொறியாளர்கள் அதன் ஓட்டத்தைச் சீர்செய்து கொடுத்தார்கள். பழைய காராகிவிட்டாலும் இன்றும் அதற்கு மவுசு குறையவில்லை.

இந்தக் காரோடு பட்டறைக்கு வரும் தம்பிகள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் கேட்பார்கள். "அண்ணே, பெரிய ரிம் போடணும். நல்லா இறக்கணும். எக்ஸோஸ்ட் சத்தம் வரணும். பின்னாடி ஒரு றெக்கை. காசு மிஞ்சினா எஞ்சினைப் பாத்துக்கலாம்." பிரேக்கைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நான் அந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்பிப் போடச் சொல்வேன். முதலில் நிற்க வேண்டும். பிறகு தரையைப் பிடிக்க வேண்டும். பிறகு சூடாகாமல் இருக்க வேண்டும். பிறகு வளைய வேண்டும். கடைசியில்தான் வேகம்.

ஏன் என்று கேட்பீர்கள். கணக்கு வாத்தியார் சொல்லிக் கொடுத்ததை வைத்தே சொல்கிறேன். ஆயிரம் கிலோ எடையுள்ள கார் 90 கிலோமீட்டர் வேகத்தில் வந்து பிரேக் பிடித்து நிற்கிறது. அந்த ஓட்டத்தின் சக்தி எங்கே போகிறது? பெரும்பகுதி பிரேக்கில் சூடாகிறது. எவ்வளவு சூடு தெரியுமா? ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகிற அளவு. இப்போது 180 கிலோமீட்டர் வேகத்தில் வந்து நிற்கட்டும். இரண்டு லிட்டர் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை, நான்கு லிட்டருக்கு மேல். வேகம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும்.

செப்பாங் தடம் ஒரு சுற்றுக்கு 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். அதில் இரண்டு நீண்ட நேர்ப்பாதைகள், இரண்டின் முடிவிலும் கடுமையான வளைவு. அங்கே ஒவ்வொரு சுற்றிலும் பிரேக்கைப் பலமாக அழுத்தித்தான் ஆக வேண்டும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. டாட் 4 என்னும் தர எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ் சேரும். குமிழை அமுக்கலாம், ஆனால் அது பிரேக்கைத் தள்ளாது. கால் தரை வரை போகும், கார் நிற்காது! நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? தடத்துக்குப் போகுமுன் பிரேக் எண்ணெயை மாற்றுங்கள் என்று நான் தலையில் அடித்துக்கொள்வது இதனால்தான். சில பத்து வெள்ளிச் செலவு. யார் கண்ணுக்கும் தெரியாத செலவு.

சரி, பார்வைக்கு வருவோம். ரிம் பெரிதாக இருந்தால் கண்ணுக்கு அழகுதான். ஆனால் மலிவாக வார்த்த பெரிய ரிம் கனமாக இருக்கும். சக்கரத்தின் கனம் ஸ்பிரிங்கிற்குக் கீழே தொங்கும் கனம். மேடு பள்ளத்தில் அது துள்ளினால் டயர் தரையை விட்டு எழும்பும். உலோகத்தை அழுத்தி அடித்து உருவாக்கிய ரிம் கொஞ்சம் சிறியதாக இருந்தாலும் இலேசாகவும் உறுதியாகவும் இருக்கும். அதை நன்றாகத் துடைத்து, உள்ளே தெரியும் பிரேக் தட்டையும் சுத்தமாக வைத்துப் பாருங்கள். பத்துப் பெரிய ரிம்களுக்கு நடுவே அதுதான் தெரிந்தவன் கண்ணை இழுக்கும்.

காரை இறக்குவதும் அப்படித்தான். அளவோடு இறக்கினால் பாரம் தாழ்ந்து, வளைவில் பிடி கூடும். தரையைத் தொடும்படி இறக்கினால் ஸ்பிரிங் வேலை செய்ய இடமே இருக்காது. கார் ரப்பர் முட்டின்மேல் உட்கார்ந்துகொள்ளும். கீழ்க்கைகள் மேல்நோக்கிச் சாய்ந்து, வளைவில் உடம்பு முன்னைவிட அதிகமாகச் சாய ஆரம்பிக்கும். சக்கரத்தை உள்பக்கம் சாய்ப்பதும் தடத்துக்கு இரண்டு மூன்று டிகிரி என்றால் நன்மை. அழகுக்கென்று எட்டுப் பத்து டிகிரி சாய்த்தால் டயரின் உள்விளிம்பு மட்டுமே தரையைத் தொடும். அதற்கு அகல டயர் எதற்கு? உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங் போட்டு, தடத்துக்கு ஓர் அளவு, கண்காட்சிக்கு ஓர் அளவு என்று நோட்டில் குறித்து வைத்துக்கொண்டால் இரண்டு ஆசையும் தீரும்.

பின்னால் வைக்கும் றெக்கை பெரிதானால் காற்று பின்பக்கத்தை அமுக்கும். ஆனால் முன்சக்கர ஓட்டமுள்ள காருக்குத் திரும்பும் வேலையும் இழுக்கும் வேலையும் முன்சக்கரத்துக்குத்தான். முன்னால் ஒன்றும் செய்யாமல் பின்னால் மட்டும் பெரிய றெக்கை வைத்தால், வேகமான வளைவில் கார் திரும்பாமல் நேரே போகப் பார்க்கும். அதையும் பூட் மூடியின் மெல்லிய தகட்டில் நாலு திருகாணி போட்டு நிறுத்தினால், காற்றே அதைப் பிய்த்துப் பின்னால் வருபவன் மேல் எறியும்.

ஒலிபெருக்கிப் பெட்டிகள் கண்காட்சிக்கு வேண்டும் என்றால் வையுங்கள். ஆனால் கழற்றக்கூடியதாக, நாலு போல்ட்டில் உறுதியாகப் பூட்டி வையுங்கள். தடத்துக்குப் போகும் காலையில் அது வீட்டில் இருக்கட்டும். உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டு போடுபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. ஹெல்மெட்டும் பந்தய வாரும் போட்டிருப்பவனுக்கு அது பாதுகாப்பு. சாலையில் ஹெல்மெட் இல்லாமல் உட்காருபவன் தலைக்குப் பக்கத்தில் அது வெறும் இரும்பு.

இவ்வளவு சொன்னதும், "அப்படின்னா பார்வையும் பந்தயமும் ஒன்னுக்கொன்னு எதிரிதானே அண்ணே?" என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் நான் சொல்ல வந்த செய்தி இருக்கிறது. பானெட்டைத் திறந்து பாருங்கள். எஞ்சின் அறையை வெளிர் நிறத்தில் சாயம் பூசி, வயர்களை ஒழுங்காகக் கட்டி, குழாய்களை ஒன்றோடொன்று உரசாமல் வைத்தால் கண்காட்சியில் நடுவர் மதிப்பெண் போடுவார். அதே வெளிர்ச் சுவரில் ஒரு சொட்டு எண்ணெய் கசிந்தாலும் உடனே தெரியும். உரசாத வயர் தடத்தில் தீப்பிடிக்காது. அழுக்கு எஞ்சினில் கசிவு பத்து நாள் ஒளிந்திருக்கும். சுத்தமான எஞ்சினில் பத்து நிமிடம்கூட ஒளிய முடியாது. இங்கே அழகும் பாதுகாப்பும் ஒன்றாகிவிடுகின்றன அன்றோ?

இன்னொன்று சொல்கிறேன். நல்ல பட்டறையில் முக்கியமான போல்ட்டை, எத்தனை இறுக்கம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு முடுக்குவார்கள். முடுக்கியதும் போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்துத் தகடு வரை சாயப் பேனாவால் ஒரு கோடு இழுப்பார்கள். போல்ட் தளர்ந்து திரும்பினால் கோடு உடைந்துவிடும். குனிந்து பார்த்தாலே தெரியும். கண்காட்சி நடுவரும் டார்ச் லைட்டோடு குனிகிறார். தடத்தில் சோதனை செய்பவரும் டார்ச் லைட்டோடு குனிகிறார். இருவரும் தேடுவது ஒன்றைத்தான்: யாரும் பார்க்காத இடத்தில் இவன் எப்படி வேலை செய்திருக்கிறான்?

ஆகவே ஒரு சாமானை வாங்குமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். தடத்தில் இது என்ன வேலை செய்யும்? கண்காட்சியில் இதைத் திறந்து காட்ட எனக்குக் கூச்சம் இருக்குமா? இரண்டுக்கும் நல்ல பதில் இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் காசைப் பத்திரப்படுத்துங்கள்.

தம்பிகளே, இன்னும் ஒரு கண்டிப்பான பேச்சு உண்டு. தடத்துக்குத் தயார் செய்த காருக்குத் தடம்தான் இடம். அங்கே எல்லாரும் ஒரே பக்கம் ஓடுகிறார்கள். தடம் மாறினால் ஓடி நிற்க வெளி இருக்கிறது. கொடி காட்ட ஆள் இருக்கிறது, ஆம்புலன்ஸ் காத்து நிற்கிறது. நள்ளிரவு நெடுஞ்சாலையில் என்ன இருக்கிறது? இரவு வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் ஒரு தகப்பன் இருப்பார். அவர் உங்கள் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தவர் அல்லர். சாலையில் ஓடும் காரில் செய்யும் பெரிய மாற்றங்களுக்கு ஜே.பி.ஜே.யின் அனுமதி வாங்க வேண்டும் என்பதும் உங்களைத் தொல்லை செய்ய வந்த சட்டமன்று. அந்தத் தகப்பனுக்காக வந்தது.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. இன்று மேடைக்கு வந்து பரிசு வாங்கிய பிள்ளைகளை மனமார வாழ்த்துகிறேன். பரிசு வாங்காத பிள்ளையும் உங்கள் வீட்டில் இருப்பான். புத்தகத்தைத் தொட்டால் தூங்குவான்; பழுதான காற்றாடியைக் கொடுத்தால் விடிய விடியக் கழற்றிப் பூட்டுவான். "இவன் உருப்பட மாட்டான்" என்று சொல்லிவிடாதீர்கள். மலேசியத் திறன் சான்றிதழ் என்னும் எஸ்.கே.எம். படிப்பு இருக்கிறது, தொழிற்கல்லூரிகள் இருக்கின்றன. அவனை அங்கே கொண்டுபோய்ச் சேருங்கள். ஆனால் கணக்கை விட்டுவிட விடாதீர்கள். சூடு ஏறினால் டயரில் காற்றழுத்தம் எத்தனை கூடும், ஓர் அங்குலம் இறக்கினால் சக்கரம் எத்தனை டிகிரி சாயும், எல்லாம் கணக்குதான். நோட்டும் பென்சிலும் இல்லாத பட்டறையில் என் காரை நான் விட மாட்டேன்.

மாணவச் செல்வங்களே, கார் வாங்குகிற வயது உங்களுக்கு இன்னும் வரவில்லை. ஆனால் போல்ட்டில் கோடு இழுக்கிற வயது வந்துவிட்டது. வீட்டுப்பாடத்தை ஆசிரியர் திருத்தாத நாளிலும் திருத்தமாக எழுதுகிறவன், பிற்காலத்தில் எந்தத் தொழிலுக்குப் போனாலும் அவன் கையை நம்பி இன்னொருவர் உயிரை ஒப்படைக்கலாம். அந்த நம்பிக்கையை நீங்கள் எல்லாரும் சம்பாதிக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.