பிள்ளையை மறைத்து வைக்காதீர்கள்
(மீள்குடியேறிய தாய்மாருக்கான சந்திப்பில் ஒரு தாய் ஆற்றிய உரை)



என்னுடைய மகனுக்குப் பதினொரு வயது. பெருமூளை வாதம். நடக்கமாட்டான், பேச்சு இல்லை, இடைக்கிடை வலிப்பு வரும். கோயில் மணி அடித்தால் மட்டும் வாய் நிறையச் சிரிப்பான். உங்களில் சிலருடைய வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கும். அதை அம்மம்மாவிடம் விட்டுவிட்டு, ஒருவருக்கும் சொல்லாமல் இங்கே வந்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் செய்தேன். செட்டிகுளம் முகாமில் விசேட தேவையுள்ளவர்களின் விபரம் எடுக்க வந்தபோது, அவனைத் தறப்பாளின் பின்பக்கம் படுக்கவைத்து, காய்ச்சல் என்று பொய் சொன்னேன்.

தாய் தகப்பன் செய்த பாவம் என்று சனம் கதைக்கும் என்ற பயம்தான். யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டு சீடர்கள் கேட்டதும் இதே கேள்விதான். அவரும் இல்லை, பெற்றோரும் இல்லை என்று இயேசு அங்கேயே தீர்த்துவிட்டார். வயிற்றிலிருக்கும்போதோ, பிறக்கும்போதோ, பிறந்து கொஞ்சக் காலத்திலோ மூளைக்கு ஏற்படும் பாதிப்பால் வருவது பெருமூளை வாதம். இதில் சாபம் எங்கே இருக்கிறது?

இன்னொரு பிழையும் விட்டேன். ஊர் திரும்பிய புதிதில், விசுவாசம் இருந்தால் குளிசையை நிறுத்து என்று ஒரு செபக் கூட்டத்தில் சொன்னார்கள். நிறுத்தினேன். மூன்றாம் நாள் இரவு வலிப்பு விடவேயில்லை. மழைக்குள் அயலவரின் உழவு இயந்திரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அன்று அவன் தப்பியதற்கு இன்றைக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். வலிப்புக் குளிசையை வைத்தியரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது. மடு மாதாவுக்கு நேர்த்தி வையுங்கள், நானும் வைத்திருக்கிறேன். குளிசையையும் நேரத்துக்குக் கொடுங்கள். வலிப்பு வந்தால் ஒருபக்கமாகச் சரித்துப் படுக்கவையுங்கள். வாய்க்குள் ஒன்றும் வைக்கவேண்டாம், கையில் இரும்பைத் திணிக்கவும் வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சாப்பாடு கொடுக்கும்போது நிமிர்த்தி இருத்திக் கொடுங்கள். நான் வருடக்கணக்காகப் படுக்கவைத்தே ஊட்டினேன். அதனால்தான் அடிக்கடி புரையேறியது என்று இயன்மருத்துவர் சொல்லித்தான் தெரிந்தது.

மூத்த மகளைப் பற்றியும் சொல்லவேண்டும். தம்பியைப் பார்க்க ஆளில்லை என்று மூன்று மாதம் அவளைப் பள்ளிக்கூடம் விடவில்லை. ஒருநாள் பூசை முடிந்து வரும்போது கேட்டாள்: “எனக்கும் ஏதும் வருத்தம் வந்தால்தான் என்னையும் பார்ப்பீங்களோ அம்மா?” எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த திங்கட்கிழமை அவளைப் பள்ளிக்கூடம் அனுப்பினேன். இப்போது பக்கத்து வீட்டு அக்கா காலையில் இரண்டு மணித்தியாலம் மகனோடு இருக்கிறா. அவவிடம் கேட்க வெட்கப்பட்டுத்தான் அவ்வளவு நாளும் வீணாகப் போனது.

இரவில் செபமாலை சொல்லத் தொடங்கினால் முதல் பத்து மணி முடியமுன் நித்திரையாகிவிடுவேன். முன்பு அதையும் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். இப்போது சொல்வதில்லை.

பதிவுக்கு வருவோம். உங்கள் பிள்ளையைப் பற்றிக் கிராம அலுவலரிடம் சொல்லுங்கள். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரையும் சந்தியுங்கள். பிறப்புச் சான்றிதழ் இடம்பெயர்வில் தொலைந்திருந்தால் பிரதியும் அங்கேயே கேட்கலாம். இயலாமையைக் காரணம் காட்டிப் பாடசாலை அனுமதியை மறுக்கக் கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. அந்த இலக்கத்தை எழுதி வைத்திருங்கள், கேட்கும்போது உதவும்.

கூட்டம் முடிந்ததும் அந்தப் பூவரசுக்குக் கீழே நிற்பேன். என் மகனும் அங்கேதான் வண்டியில் இருக்கிறான். கிளினிக் அட்டை வைத்திருப்பவர்கள் கொண்டுவாருங்கள். இல்லாதவர்களும் வாருங்கள்.