பெட்டிக்குள் ஒரு பதிவேடு

ஊர் விட்டு ஊர் சென்று குடியிருக்கும் நம்மவர்க்கு மூட்டை கட்டுதல் பழகிய வேலையே. ஆயினும் புது வீட்டில் சாமான்களை இறக்கிய மறுநாள் காலையில்தான், இட்லித் தட்டு வந்திருப்பதும் கொப்பரை வராதிருப்பதும் தெரியவரும். கணினி நிரல்களுக்கும் இவ்வவதி உண்டு. எழுதியவரின் இயந்திரத்தில் செவ்வனே ஓடிய நிரல், வேறோர் இயந்திரத்தில் ஏற்றியவுடன் ஏதோவொரு துணைக்கூற்றைக் காணோம் என்று நின்றுவிடும்.

இதற்குப் பரிகாரமாக வந்ததே கொள்கல முறை. நிரலையும் அதற்கு வேண்டிய துணைக்கூறுகளையும் ஒரே பெட்டியாகக் கட்டிவிடுகிறோம். கப்பலில் ஏற்றும் சரக்குப் பெட்டியின் பெயரே இதற்கும் வாய்த்தது. 2013-ஆம் ஆண்டில் வெளிவந்த டாக்கர் என்னும் மென்பொருள் இதனைப் பலர் கையிலும் கொண்டு சேர்த்தது. பெட்டிதோறும் தனி இயங்குதளம் ஓடுவதில்லை. லினக்ஸின் ஒரே கருவை எல்லாம் பகிர்ந்துகொள்கின்றன. ஆதலின் பெட்டி விரைவில் எழுந்து நிற்கும்.

வடநாட்டு நகரமொன்றில் நாங்கள் சிலர் கூடிச் சிறு தமிழ் நூலகம் நடத்துகிறோம். யார் எந்த நூலை இரவல் பெற்றார் என்னும் பதிவேட்டை வலைச் சேவையாக்க விரும்பினோம். நிரல் பைத்தான் மொழியில் அமைந்தது. பதிவுகள் எஸ்கியூலைட் கோப்பொன்றில் சேர்ந்தன.

முதலில் டாக்கர்ஃபைல் என்ற குறிப்பை எழுத வேண்டும். எந்த அடிப்படைப் படிமத்தின்மேல் கட்டுவது, எவற்றைப் படியெடுப்பது, எவற்றை நிறுவுவது, எக்கட்டளையால் தொடங்குவது என்பன அதில் அடங்கும். பின்னர்க் கட்டளை வரியில் 'டாக்கர் பில்ட்' என்று தட்டிப் படிமத்துக்கு ஒரு பெயரிட்டு, இறுதியில் ஒரு புள்ளி வைக்கிறோம். இந்த அடைவிலிருந்தே எடு என்பது அப்புள்ளியின் பொருள். அதை மறந்து விழித்தவர் நாங்கள் மட்டும் அல்லர்!

அடுத்து 'டாக்கர் ரன்'. இதில் சிறுகோட்டுடன் 'பி' என்றெழுதி, 8080:5000 எனக் குறித்தோம். முன்னது வெளிவாயில் எண். பின்னது பெட்டியின் உள்வாயில் எண். 'டாக்கர் பிஎஸ்' என்று கேட்டால் பெட்டி ஓடுகிறது என்றே விடை வந்தது. உலாவியிலோ ஒன்றும் தோன்றவில்லை. ஒரு மாலை முழுதும் தேடினோம். நிரல் 127.0.0.1 என்ற முகவரியில் மட்டும் செவிசாய்த்திருந்தது. பெட்டிக்குள் அம்முகவரி பெட்டியையே குறிக்கும்; வெளியார் குரல் அங்கு எட்டாது. அதனை 0.0.0.0 என்று மாற்றியதும் சேவை பேசிற்று.

இது சிறு பிழை. பெரும்பிழை இரண்டு மாதம் கழித்து வந்தது. நூற்பெயர்கள் அகரவரிசையில் வராத குறையைத் திருத்திப் புதுப் படிமம் கட்டினோம். பழைய பெட்டியை நிறுத்தி, 'டாக்கர் ஆர்எம்' என்று நீக்கிவிட்டுப் புதியதை ஓட்டினோம். வரிசை அழகாக வந்தது. பதிவேடு வெறுமையாக இருந்தது.

பெட்டி ஓடும்போது எழுதப்படுவன அதற்கே உரிய மேலடுக்கில் தங்குகின்றன. நிறுத்தினால் அவை இருக்கும். நீக்கினால் உடன் போகும். இதனை அறியாமல் இரண்டு மாத இரவல் கணக்கை எங்கள் கையாலேயே அழித்தோம். வாசகர் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து, தங்களிடம் எந்நூல் உள்ளது என்று கேட்க நேர்ந்தது. கேட்கவே நாணமாயிருந்தது. பெரியவர் ஒருவர், தாம் எடுத்தவற்றுடன் தம் அண்டை வீட்டார் எடுத்தவற்றையும் நினைவிலிருந்து ஒப்பித்தார். மறுபதிப்புக் காணாத நூல்கள் சில இன்றும் திரும்பவில்லை.

இப்பொழுது வால்யூம் எனப்படும் தனிக் களஞ்சியத்தை முதலில் உருவாக்கி, ரன் கட்டளையில் சிறுகோட்டுடன் 'வி' என்றெழுதிப் பெட்டியின் உள்ளடைவொன்றோடு இணைக்கிறோம். கோப்பை அவ்வடைவிலேயே வைக்குமாறு நிரலையும் திருத்தினோம். பெட்டி போனாலும் களஞ்சியம் நிற்கும். வட்டு பழுதானால் அதுவும் போகுமாதலால், இரவுதோறும் ஒரு படி வேறோர் இயந்திரத்துக்குச் செல்கிறது.

புதுப் பெட்டி ஓட்டும் நாளில் ஒரு பொய்ப்பெயரில் ஒரு நூலை இரவல் பதிகிறோம், பெட்டியை நீக்குகிறோம், மீண்டும் ஓட்டுகிறோம். அப்பெயர் அங்கே இருந்தால்தான் நூலகக் கதவைத் திறக்கிறோம்.