நின்ற வண்டியில் நிற்காத மின்சாரம்

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் மாதுங்காவிலும் செம்பூரிலும் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். தாதரிலும் குர்லா டெர்மினஸிலும் ரயிலேறி, திருநெல்வேலிக்கும் சென்னைக்கும் பாலக்காட்டுக்கும் குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டுப் போய்விடுவார்கள். அவர்களுடைய மோட்டார் கார்கள் மட்டும் தெருவோரத்து மரங்களின் அடியில், துணிப் போர்வை போர்த்தி, ஒரு மாத காலம் உறங்கிக்கொண்டிருக்கும். ஊறுகாய் ஜாடியும் வடாமுமாக ஊர் திரும்பியவர் மறுநாள் காலை அலுவலகம் போக வண்டியில் உட்கார்ந்து சாவியைத் திருப்புகிறார். 'டக்' என்று ஒரு சப்தம், அவ்வளவுதான். முன்விளக்கோ அகல் விளக்கைப்போல் மங்கி எரிகிறது.

பாட்டரி பழையது என்பார் அண்டை வீட்டுக்காரர். கடற்காற்று என்பார் காவல்காரர். இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் பல சமயங்களில் காரணம் கைக்கெட்டும் தூரத்திலேயே, கியர் கம்பிக்குச் சற்று முன்னால் இருக்கிறது. செல்போனுக்கு மின்சாரம் ஏற்றுவதற்காக ஒரு சார்ஜரைச் செருகி வைக்கிறோமே, அந்த வட்டத் துளையைத்தான் சொல்லுகிறேன். அதற்கு மின்வாய் என்றும் மின்போக்கி என்றும் பெயர்கள் சூட்டலாம். மொழிபெயர்ப்பே தொழிலாக உள்ள எனக்கு அப்படிச் செய்ய ஆசைதான். ஆயினும் பட்டறையில் போய்ச் 'சார்ஜர் பாயிண்ட்' என்று சொன்னால்தான் வேலை நடக்கிறது. ஆகவே அதையே இங்கும் வைத்துக்கொள்வோம்.

இத்துளை செல்போனுக்காகப் பிறந்ததன்று. சுருட்டும் சிகரெட்டும் பிடிப்பவர்களுக்காகப் பிறந்தது. ஒரு குமிழை உள்ளே அழுத்தினால் அதனுள் இருக்கும் கம்பிச் சுருள் செக்கச் செவேல் என்று காயும். காய்ந்ததும் குமிழ் தானே வெளியே துள்ளும். 1950-களின் நடுப்பகுதியில் அமெரிக்கக் கார்களில் பாட்டரி ஆறு வோல்ட்டிலிருந்து பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாறிற்று. இன்று நம் கார்களில் இருப்பதும் அந்தப் பன்னிரண்டுதான். காலப்போக்கில் புகைக்கும் வழக்கம் குறைந்தது, குமிழும் மறைந்தது. ஆனால் துளை அப்படியே நின்றுவிட்டது. அதில் இன்று போன் சார்ஜர், சாலையைப் படமெடுக்கும் காமிரா, டயருக்குக் காற்றடிக்கும் சிறு பம்பு, குளிர்ப்பெட்டி என்று எதையெதையோ செருகுகிறோம்.

இந்தச் சார்ஜர் பாயிண்ட்டில் இரு வகை உண்டு. முதல் வகை, சாவிக்கு அடங்கியது. சாவியைத் திருப்பி எடுத்தவுடன், அல்லது சில நிமிஷங்கள் கழித்து, அல்லது கதவைத் திறந்தவுடன், அதில் மின்சாரம் நின்றுவிடும். இரண்டாவது வகை சாவியைச் சட்டை செய்வதே இல்லை. பாட்டரியிலிருந்து ஒரு ப்யூஸ் வழியாக நேரே கம்பி வருகிறது. என்ஜின் ஓடினாலும் ஓடாவிட்டாலும், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இருபத்துநான்கு மணி நேரமும் அதில் மின்சாரம் உண்டு. சில கார்களில் முன்னால் உள்ள துளை சாவிக்கு அடங்கியதாகவும், பின்னால் சாமான் வைக்குமிடத்தில் உள்ளது அடங்காததாகவும் இருக்கக் காணலாம். வண்டி வாங்கும்போது நிறத்தைப் பற்றியும் மைலேஜைப் பற்றியும் ஆயிரம் கேள்வி கேட்கும் நாம், இதைக் கேட்பதில்லை.

அடங்காத வகை எவ்வளவு குடிக்கும்? இதற்குச் சிறுவர் கணக்கே போதும். நம் நாட்டுச் சிறு பெட்ரோல் கார் ஒன்றின் பாட்டரி 35 ஆம்பியர்-மணி அளவுள்ளது எனக் கொள்வோம். ஒரு ஆம்பியர் வீதம் எடுத்தால் 35 மணி நேரத்தில் தீர்ந்துவிடும் என்பது அதன் பொருள். நிறுத்திவைத்த காரே சும்மா இருப்பதில்லை. கடிகாரம், திருட்டு மணி, தூரத்திலிருந்து பூட்டைத் திறக்கும் கருவி ஆகியவை விழித்தே இருக்கின்றன. அவற்றுக்கு 30 மில்லி ஆம்பியர் போகிறது என்று வைத்தால், முப்பது நாளில் ஏறக்குறைய 22 ஆம்பியர்-மணி. போன் எதுவும் மாட்டாமல், நீல விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கும் சார்ஜர் 20 மில்லி ஆம்பியர் எடுத்தால், அதே முப்பது நாளில் 14-க்குச் சற்று மேல். இரண்டையும் கூட்டுங்கள்: 36. பாட்டரியில் இருந்ததோ 35! தனித்தனியே எதுவும் பெரிய குற்றவாளியன்று. சேர்ந்தபோது கஜானா காலி. காமிராவின் கதை வேறு. அது ஐந்து வாட் அளவில் எடுத்தால், ஒரே நாளில் பத்து ஆம்பியர்-மணி போய்விடும். வெள்ளிக்கிழமை மாலை நிறுத்திய வண்டி திங்கட்கிழமை காலை எழுந்திருப்பது ஐயமே.

தீர்ந்தால் மறுபடி நிரப்பிக்கொள்ளலாமே என்று நினைக்கலாகாது. காரின் பாட்டரி நின்று நிதானித்து மின்சாரம் வழங்குவதற்காகச் செய்யப்பட்டதன்று. ஸ்டார்ட்டரைச் சுழற்ற இரண்டொரு விநாடி நூற்றுக்கணக்கான ஆம்பியரை அள்ளி வீசுவதற்காக, மெல்லிய ஈயத் தகடுகளை நெருக்கி அடுக்கிச் செய்யப்பட்டது. அதை முழுவதும் வற்றவிட்டு, வற்றிய நிலையிலேயே நாள் கணக்கில் வைத்தால், தகடுகளின்மேல் ஈய ஸல்பேட் படிந்து இறுகிப்போகும். பிறகு எவ்வளவு நேரம் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. இரண்டு கோடை விடுமுறையில் இப்படி வற்றிய பாட்டரிக்கு மூன்றாவது கோடை கிட்டுவது அரிது.

செம்பூரை அடுத்த குர்லாவில் இருந்த பிரீமியர் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த பத்மினிக் கார்களை ஓட்டியவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கக் கூடும். காலி-பீலி என்று மும்பை அழைத்த கறுப்பு மஞ்சள் டாக்ஸிகளாக எத்தனை ஆயிரம் பத்மினிகளைக் கண்டோம்! அவற்றில் மின்சாரத்துக்கு வேலை கொஞ்சம். பாட்டரி உயிர் விட்டால் நாலு பேர் பின்னால் நின்று 'தக்கா' கொடுப்பார்கள். ஓட்டுநர் இரண்டாவது கியரில் கிளச்சை விடுவார். வண்டி இருமிக்கொண்டு கிளம்பிவிடும். அந்தப் பத்மினிகளுள் கடைசியாக டாக்ஸியாகப் பதிவானது 2003-ல். இருபதாண்டு வயது வரம்பு முடிந்து, 2023 அக்டோபர் இறுதியோடு அவை தெருவிலிருந்து விடைபெற்றன. இன்றைய காரில் எரிபொருளைத் தள்ளும் பம்பும், பொறியைக் கணக்கிடும் கம்ப்யூட்டரும் மின்சாரத்தில் ஓடுகின்றன. பாட்டரி அடியோடு வற்றிய பின் தக்கா கொடுப்பது வீண். தானியங்கிக் கியர் உள்ள வண்டியானால் எத்தனை பேர் தள்ளினாலும் கிளம்பாது. 1912-ல் காடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தபோது கைப்பிடியைச் சுற்றிக் கை ஒடிந்த காலம் போயிற்று என்று மகிழ்ந்தார்கள். சென்னைப் பாடியில் லூகாஸ்-டி.வி.எஸ். செய்துவரும் ஸ்டார்ட்டர்களும் அந்தப் பரம்பரையைச் சேர்ந்தவைதாம். கைப்பிடி போன பிறகு பாட்டரியை விட்டால் வேறு கதி இல்லை.

இது வெறும் அலுவலகத் தாமதத்தோடு நிற்கும் விஷயமாயிருந்தால் இவ்வளவு தூரம் பேச வேண்டியதில்லை. பிள்ளைகள் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, செம்பூரிலோ மாதுங்காவிலோ தனித்து வாழும் முதியவர்கள் பலர். கார் வைத்திருப்பார்கள், வாரம் ஒருமுறை செட்டா நகர் முருகன் கோயிலுக்கோ, ஷண்முகானந்தா அரங்கில் ஒரு கச்சேரிக்கோ எடுப்பார்கள். அந்தச் சிறு தூர ஓட்டத்தில் பாட்டரி இழந்ததை மீட்க முடிவதில்லை. அந்தக் காரை வைத்திருப்பதன் உண்மையான நோக்கம் வேறு: நள்ளிரவில் ஒருவருக்கு மார்பு வலித்தால் ஸயன் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அந்த ஓர் இரவில் 'டக்' என்று கேட்டால், நீல விளக்கு மினுக்கிய அந்தச் சார்ஜரின் விலையை எப்படிக் கணக்கிடுவது?

அப்படியானால் எல்லாத் துளைகளையும் சாவிக்கு அடக்கிவிடலாமே என்று கேட்கத் தோன்றும். தாராவித் தொண்ணூறு அடிச் சாலையில் இரவு வண்டியை ஓரங்கட்டிவிட்டு அதிலேயே கண்ணயரும் ஓட்டுநரைக் கேளுங்கள். வேறு விடை கிடைக்கும். அவருக்குச் சவாரி வருவதே போனில். அந்தப் போன் அணைந்தால் மறுநாள் பிழைப்பு அணைந்தது. சாவிக்கு அடங்கிய துளையானால், சாவியைப் பாதி திருப்பி வைக்க வேண்டும். அதனால் வேறு பல கருவிகளும் விழித்துக்கொண்டு இன்னும் அதிக மின்சாரத்தைத் தின்னும். இல்லையேல் என்ஜினை ஓடவிட்டுத் தூங்க வேண்டும். காற்றோட்டமற்ற இடத்தில் அவ்வாறு தூங்குவது உயிருக்கே ஆபத்து. புகையில் உள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. போன் ஒன்றை இரண்டு மணி நேரம் ஏற்றினால் போவது இரண்டு ஆம்பியர்-மணி அளவுதான். நாள் முழுதும் ஓடும் வண்டிக்கு அது ஒரு பொருட்டன்று. ஆகவே தினமும் ஓடும் வண்டிக்கு அடங்காத துளை நல்ல துணைதான். நெடுநாள் நிற்கும் வண்டியில்தான் அது பாட்டரியைக் கொல்லுகிறது. என் கருத்தில், தயாரிப்பாளர்கள் இதை ஒரு விசையாக நம் கையிலேயே கொடுத்துவிடலாம். இப்போதோ கையேட்டின் எங்கோ ஒரு மூலையில் ஒற்றை வரியில் சொல்லிவிட்டுத் தப்பிக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடங்காத துளை மூடியில்லாமல் கிடந்தால், ஒரு ரூபாய்க் காசோ சாவிக்கொத்தோ அதில் விழுந்து, நடு முனையையும் பக்கச் சுவரையும் தொட்டு ப்யூஸை எரித்துவிடும். ப்யூஸ் எரிந்தது நம் நன்மைக்கே. அதன்மேல் வெள்ளித்தாள் சுற்றிச் செருகிக் கொடுக்கும் கைவைத்தியம் சில இடங்களில் நடக்கிறது. அது ஓடாத வண்டியில் தீயை அழைத்து உட்கார வைப்பதற்குச் சமம்.

உங்கள் வண்டி எந்த வகை என்று அறிவது எளிது. சார்ஜரைச் செருகி, என்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிக் கதவைப் பூட்டுங்கள். அரை மணி நேரம் கழித்துக் கண்ணாடி வழியே பாருங்கள். விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அடங்காத வகை. காமிராவை நிரந்தரமாக வைக்க விரும்புவோர், பாட்டரியின் வோல்ட் குறைந்ததும் தானே துண்டித்துக்கொள்ளும் கருவியோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். தில்லியில் இருக்கும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை: குளிரில் பாட்டரியின் வலு குறையும், மும்பையில் ஒரு மாதம் தாங்குவது அங்கே மார்கழியில் தாங்காமற் போகலாம்.

ஊருக்குப் போகுமுன் சார்ஜரைப் பிடுங்கிப் பெட்டியில் வைத்துவிடுங்கள். பாட்டரி முன்புறம் எளிதில் எட்டும்படி உள்ள, பழைய எளிய வண்டியானால், கறுப்புக் கம்பியை, அதாவது கழித்தல் குறியுள்ள முனையை, கழற்றி வைத்துவிட்டே போகலாம். புது வண்டியானால் கையேட்டைப் பார்த்த பிறகே அதைச் செய்ய வேண்டும். பக்கத்து வீட்டுப் பையனிடம் சாவி கொடுத்து 'ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து வை' என்று சொல்லிப் போவதில் பயன் குறைவு. அரை மணி நேரமாவது ஓட்டினால்தான் பாட்டரிக்கு ஏதாவது சேரும். திரும்பி வந்து பாட்டரி வற்றியிருக்கக் கண்டால், வேறு வண்டியிலிருந்து கம்பி கொடுக்கும்போது சிவப்பைச் சிவப்போடு இணைத்து, கறுப்பின் ஒரு முனையை நல்ல பாட்டரியிலும் மறு முனையை வற்றிய வண்டியின் என்ஜின் உலோகத்திலும் கடைசியாக மாட்டச் சொல்லுங்கள். பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியக் கூடும். அதன் அருகே பொறி பறக்கக் கூடாது. கழற்றிய கம்பியை மாட்டிய பிறகு கடிகாரத்தைச் சரி செய்துகொள்ள வேண்டும். ரேடியோவும் நிலையங்களை மறந்திருக்கலாம், அவற்றையும் ஒருமுறை தேடி வைத்துக்கொள்ளுங்கள்.