கடைசி நாலு சுற்று

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



குடிநீர்த் திட்டங்களில் பம்பும் பைப்புமாகக் காலம் தள்ளுகிறவன் நான். "எதைப் பத்தியாவது பேசுப்பா" என்றார் செயலாளர். பம்பைப் பற்றிப் பேசினால் நீங்கள் சாப்பாட்டுப் பந்திக்குப் போய்விடுவீர்கள். ஆகவே நம்மில் சிலர் பையில் வைத்திருந்தும் வெளியே சொல்லாத ஒரு விஷயத்தைப் பேசுகிறேன். மனச்சோர்வுக்குச் சாப்பிடும் மாத்திரை. அது பலன் தரவில்லை என்றால் எப்படி நிறுத்துவது?

நானும் சாப்பிட்டவன்தான். எஸ்சிட்டாலோப்ராம், எட்டு மாதம். டோஸ் கூட்டிப் பார்த்தும் தூக்கம் வரவில்லை, வேலையில் மனசு ஒட்டவில்லை. "பிரயோஜனம் இல்லேன்னா தூக்கிப் போட வேண்டியதுதானே மாப்ளே?" என்றார் மாமா. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மனசுக்குப் பலன் தராத மாத்திரைக்கும் மூளை பழகியிருக்கும். நான் சொல்ல வந்ததே இந்த ஒன்றுதான்.

முதலில், உண்மையிலேயே பலன் இல்லையா என்று பார்க்க வேண்டும். சரியான டோஸில், நாள் தவறாமல், 4 முதல் 6 வாரமாவது சாப்பிட்டோமா? தைராய்டு பார்த்தாயிற்றா? குடி உண்டா? இதையெல்லாம் டாக்டர் கேட்பார், ஒளிக்காமல் சொல்லுங்கள். அதன் பிறகும் தேறவில்லை என்றால் அது உங்கள் குற்றமல்ல. அமெரிக்காவில் 2006இல் முடிவுகள் வெளியான ஸ்டார்-டி என்ற பெரிய ஆய்வில், முதல் மருந்திலேயே முழுதும் தேறியவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்தான்.

சட்டென்று நிறுத்தினால் என்ன ஆகும்? தலைசுற்றல், குமட்டல், பயங்கரக் கனவு, காரணமில்லாத எரிச்சல், தலைக்குள் கரண்ட் அடித்தது போன்ற வெட்டு. 2024இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மருந்தை நிறுத்தியவர்களில் சுமார் 31 சதவீதம் பேருக்கு ஏதாவது தொந்தரவு இருந்தது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 17 சதவீதம் பேர் அப்படிச் சொன்னார்கள். கடுமையான தொந்தரவு சுமார் 3 சதவீதம் பேருக்கு. ஆகவே பீதியும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். வருடக்கணக்கில் சாப்பிட்டவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

இனி நம்ம பாஷைக்கு வருகிறேன். கேட் வால்வு மூடியிருப்பீர்கள். முதலில் எத்தனை சுற்று சுற்றினாலும் தண்ணீர் பெரிதாகக் குறையாது. கடைசி நாலு சுற்றில்தான் அத்தனையும் நிற்கும். அங்கே அவசரப்பட்டால் பைப் 'டம்' என்று உதறும். வாட்டர் ஹேமர் என்று பரீட்சைக்கு எழுதினோமே, அதேதான்.

இந்த மாத்திரையும் அப்படித்தான். லண்டனைச் சேர்ந்த மார்க் ஹொரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்ற இருவர் 2019இல் இதை விளக்கி எழுதினார்கள். சிட்டாலோப்ராம் 20 மி.கி. மூளையில் அந்த மருந்து போய் ஒட்டும் இடங்களில் சுமார் 80 சதவீதத்தைப் பிடித்துக்கொள்கிறது. 5 மி.கி. சொச்சத்துக்கு இறங்கினாலும் 60 சதவீதம் பிடித்திருக்கும். அதாவது முதல் 15 மி.கி. குறைத்ததில் 20 சதவீதம்தான் போயிற்று. மிச்சம் 5 மி.கி.யை ஒரே நாளில் விட்டால் 60 சதவீதமும் போய்விடும். "சின்ன டோஸ்தானே, விட்டுடலாம்" என்று நினைக்கும் இடத்தில்தான் வால்வின் கடைசி நாலு சுற்று இருக்கிறது. அதனால் கீழே வர வர, குறைக்கும் அளவும் சிறிதாக வேண்டும். சிலருக்கு மிகச் சிறிய டோஸுக்குத் திரவ மருந்து தேவைப்படும்.

மருந்துக்கு மருந்து வேகமும் வேறு. ஃப்ளுவோக்ஸெட்டின் உடம்பை விட்டுப் போக வாரக்கணக்காகும். வென்லாஃபாக்ஸின், பராக்ஸெட்டின் சீக்கிரம் இறங்கிவிடும், தொந்தரவும் அதிகம். ஆகவே "ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடுறேன்" என்ற கணக்கு இவற்றுக்கு ஆகாது. பம்பை மாற்றி மாற்றி ஆன், ஆஃப் செய்வது போலாகிவிடும். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் உடைக்கவோ பொடிக்கவோ கூடாது.

எனக்கு 5 மி.கி.க்குக் கீழே இறங்கி முடிக்கவே நாலு மாதம் ஆயிற்று. நடுவில் ஒருமுறை தலைக்குள் அந்தக் கரண்ட் வெட்டு வந்தது. டாக்டர் அதே டோஸில் இரண்டு வாரம் நிறுத்திவைத்தார், அடங்கியது. ஒரு நோட்டில் தேதி, டோஸ், தூக்கம், மனநிலை நான்கையும் எழுதி வந்தேன். அதில் ஒரு லாபம் உண்டு. டோஸ் குறைத்த சில நாளில் புதிதாகத் தலைசுற்றலும் கரண்ட் வெட்டும் வந்தால் பெரும்பாலும் அது மருந்து விடும் தொந்தரவு. வாரங்கள் கழித்துப் பழைய சோர்வு மெல்லத் திரும்பினால் நோயாக இருக்கலாம். எது என்று முடிவு செய்வது டாக்டர் வேலை. நோட்டு அவருக்கு உதவும்.

மருந்து நின்றதும் நோய் நின்றுவிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பேச்சு சிகிச்சைக்குப் போனேன், வேறொரு மருந்து ஆரம்பித்தோம். இன்று உங்கள் முன் நிற்கிறேன். ஒரு மருந்து சரிப்படவில்லை என்றால் வழியே இல்லை என்று ஆகாது.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இந்த மருந்து தொடங்கும்போதும் டோஸ் மாறும்போதும் தற்கொலை எண்ணம் வரக்கூடும். அப்படி வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். ரூம்மேட் ஒருவன் மாத்திரை சாப்பிடுவது தெரிந்தால் கிண்டல் செய்யாதீர்கள். "அடுத்த செக்கப் எப்போடா? நானும் கூட வர்றேன்" என்று கேளுங்கள்.