பொக்லைன் ஏன் நின்றது?



ஆண்டுதோறும் சித்திரை மாதத்தில் மும்பை மாநகரின் தாராவிப் பக்கம் மித்தி ஆற்றங்கரையில் நிற்பவர், நீண்ட இரும்புக் கையும் வாளியும் உடைய யந்திரங்கள் சேற்றை அள்ளிக் கரையேற்றும் காட்சியைக் காணலாம். தமிழகத்திலே இதனைப் பொக்லைன் என்று வழங்குகிறோம். அது ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர். அப்பெயர் பொறித்த யந்திரத்தை இன்று காண்பது அரிது. பெயரோ நம் நாவை விட்டு நீங்கவில்லை. 2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பொழிந்ததையும், மித்தியின் வெள்ளம் வீடுகளுட் புகுந்ததையும் கண்டவர்களுக்கு, மழைக்கு முன்னே இந்தச் சேற்றை அகற்றுவது எத்துணை அவசரமான காரியம் என்று நாம் சொல்ல வேண்டுவதில்லை. அவ்வேளையில் யந்திரம் ஒன்று நின்றுபோனால் ஒப்பந்தக்காரருக்கு நஷ்டம். ஓட்டுநருக்கு நாட்கூலி போயிற்று. பழுது பார்க்க வந்த மெக்கானிக்குக்கோ பெயரே போய்விடும்.

அவ்விதம் நின்ற யந்திரம் ஒன்றை நாம் அருகிருந்து பார்க்க நேர்ந்தது. முழுதும் நின்றதென்று சொல்வதும் பிழை. எஞ்சின் ஓடிற்று, ஆனால் வாளி நிறையச் சேறு எடுத்தால் கை மேலே எழ மறுத்தது. திரையிலே ஓர் எண் தோன்றிற்று. பம்ப்பின் அழுத்தத்தைக் காட்டும் சென்சாரில் கோளாறு என்பது அதன் பொருள். உரிமையாளர் உடனே புதிய சென்சார் வாங்கிப் பொருத்தினார். அதே எண் மறுபடியும் வந்தது. ஓட்டுநர் தாராவியில் குடியிருக்கும் திருநெல்வேலிக்காரர். செம்பூரிலிருந்து வந்த மூத்த மெக்கானிக்கிடம் அவர், “அண்ணாச்சி, சென்சாரை மாத்தியாச்சு; ஆனா அதே நம்பர்தான் வருது” என்றார். “சென்சார் கெட்டுப்போச்சுன்னு அது எங்கே சொல்லிச்சு? சென்சார் பக்கத்துலேயிருந்து சேதி வரலேன்னுதானே சொல்லுது” என்றார் மெக்கானிக்.

இந்த விடையில் விஷயம் முழுதும் அடங்கியிருக்கிறது. இக்காலத்து யந்திரங்களில் கன்ட்ரோலர் என்னும் சிறு கணினி எண்ணெயின் அழுத்தத்தை நேரே பார்ப்பதில்லை. கம்பி வழியே வரும் மின்னழுத்தத்தை மட்டுமே பார்க்கிறது. அழுத்தச் சென்சாருக்குச் சாமானியமாக மூன்று கம்பிகள் உண்டு. ஒன்றில் 5 வோல்ட் செல்கிறது, ஒன்று எர்த், மூன்றாவது சேதி கொண்டுவருவது. எண்ணெயில் அழுத்தமே இல்லாதபோதும் பல யந்திரங்களில் மூன்றாவது கம்பியில் அரை வோல்ட் இருக்கும். அழுத்தம் உச்சத்துக்கு ஏறினால் நாலரை வோல்ட் வரும். பூஜ்யமும் ஐந்தும் வேண்டுமென்றே விலக்கி வைக்கப்பட்டவை. ஆதலால் பூஜ்யம் வந்தால் அழுத்தம் இல்லை என்று பொருளன்று. கம்பி அறுந்தது அல்லது இரும்பில் பட்டது என்று பொருள். அப்போது கன்ட்ரோலர் எச்சரிக்கையாகப் பம்ப்பின் வலிமையைக் குறைத்துக்கொள்கிறது.

ஜே 1939 என்னும் முறையைப் பின்பற்றும் யந்திரங்களில் கோளாற்றின் பெயரோடு அதன் வகையைக் குறிக்கும் எண்ணும் வரும். 3 என்றால் மின்னழுத்தம் மிகை. 4 என்றால் குறைவு. 5 என்றால் மின்னோட்டம் குறைவு, அதாவது பெரும்பாலும் கம்பி அறுந்திருத்தல். முதல் எண்ணை மட்டும் படித்துவிட்டுக் கடைக்கு ஓடுவதனாலேயே பலருடைய பணம் வீணாகிறது.

நம் யந்திரத்தில் வந்தது 4. மெக்கானிக் சென்சாரின் கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தார். 5 வோல்ட் சரியாக இருந்தது, எர்த்தும் சரியே. இங்கேதான் முன்பு வந்தவர்கள் ஏமாந்திருக்கிறார்கள். எஞ்சின் நின்றிருக்கும்போது எல்லாம் ஒழுங்காகவே காட்டும். ஓடி அதிரும்போதுதான் கோளாறு வரும். ஆகவே அவர் கனெக்டரை மாட்டி, சாவியை மட்டும் திருப்பி, ஓட்டுநரைத் திரையிலுள்ள அழுத்த எண்ணைப் பார்க்கச் சொல்லிவிட்டு, வயர்க் கற்றையைச் சாண் சாணாகப் பிடித்து அசைத்துக்கொண்டே போனார். எஞ்சின் அருகே ஓர் இரும்புப் பட்டையைக் கடக்கும் இடத்தில் கை பட்டதும் “வந்திட்டு!” என்று குரல் கேட்டது. பட்டையில் உராய்ந்து உராய்ந்து கம்பியின் மேலுறை தேய்ந்து செம்பு வெளியே தெரிந்தது. கண்டுபிடிக்க ஒரு மணி நேரம். அதற்கு முன் வீணானவை மூன்று நாட்கள்.

கம்பியில் ஊசி குத்திச் சோதிக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. மும்பையின் உப்புக்காற்றிலும் மழையிலும் அந்த ஊசித் துளை வழியே ஈரம் புகுந்து, செம்பு பச்சைக் களிம்பாகிவிடும். கனெக்டரின் பின்புறமாகவே சோதிக்க வேண்டும். எலி கடித்த கம்பியும், தண்ணீர் பீய்ச்சிக் கழுவியதால் நனைந்த கனெக்டரும் இங்கே சர்வசாதாரணம்.

ஒரே சமயத்தில் நான்கைந்து சென்சார்கள் கெட்டதாகத் திரை காட்டினால் அத்தனையும் ஒன்றாகக் கெடுமா? அவை பங்கிட்டுக்கொள்ளும் 5 வோல்ட் கம்பியை அவற்றுள் ஒன்று கீழே இழுத்துவிட்டிருக்கலாம். ஒவ்வொன்றாகக் கழற்றினால், குற்றவாளியைக் கழற்றிய கணமே மற்றவை உயிர்பெறும். கன்ட்ரோலர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் இரட்டைக் கம்பிக்கு வேறு சோதனை. பேட்டரி இணைப்பை நீக்கி அளந்தால் அவ்விரண்டுக்கும் இடையே 60 ஓம் இருக்க வேண்டும். 120 காட்டினால் இரு முனைகளிலுள்ள தடைகளில் ஒன்று தொடர்பற்றுப்போயிற்று.

இவற்றுக்கெல்லாம் வயரிங் படம் வேண்டும். அது ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று நம்மவர் பலர் தயங்குகிறார்கள். அந்த மெக்கானிக்கும் தயங்கியவர்தாம். மாதுங்காவில் படிக்கும் தம் மருமகளை, அதாவது தங்கை மகளை, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காரவைத்துக் குறிகளைத் தமிழில் எழுதி வாங்கிக்கொண்டாராம். கம்பியின் எண்ணுக்கும் நிறத்துக்கும் மொழி ஏது?

தேய்ந்த கம்பியை இணைத்து, உறையிட்டு, பட்டையிலிருந்து விலக்கிக் கட்டியபின் அவர் ஓட்டுநர் அறைக்குள் ஏறினார். இருக்கையின் இடப்புறம் ஒரு பாதுகாப்பு நெம்புகோல் உண்டு. அதை உயர்த்தினால் கைப்பிடிகளுக்குச் செல்லும் எண்ணெய் துண்டிக்கப்படும். இறங்கும்போது உடம்பு கைப்பிடியில் பட்டாலும் யந்திரம் அசையாது. அதன் சுவிட்ச் கெட்டிருந்ததால் யாரோ இரண்டு கம்பிகளையும் ஒன்றாக முறுக்கி விட்டிருந்தார்கள். கீழே சேற்றிலே நான்கு பேர் நின்று வேலை செய்துகொண்டிருந்தனர். மெக்கானிக் அந்த முறுக்கை வெட்டி எறிந்தார். “சுவிட்ச் வரட்டும், அப்புறம் ஓட்டலாம்” என்று சாவியைத் தம் பையில் போட்டுக்கொண்டார். உரிமையாளர் கோபித்தார், இன்னும் ஒரு நாள் கூலியா என்று ஓட்டுநரும் முகம் வாடினார். சுவிட்ச் மறுநாள் மாலை வந்தது. அதற்கு அடுத்த நாள் காலை யந்திரம் ஆற்றில் இறங்கிற்று.