பரீட்சை மண்டபத்தில் தேகத்தின் பாடு

(நம் சங்கத்து மாணவர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மருத்துவக் கல்லூரிப் பிரவேசப் பரீட்சையாகிய நீட் பற்றிச் சில சொல்லுமாறு காரியதரிசி அவர்கள் எமக்குப் பணித்தார்கள். அப்பரீட்சை வேண்டுமா வேண்டாமா என்னும் வழக்கு 2017ஆம் ஆண்டு தொட்டு நம் மாநிலத்தில் நடந்து வருகிறது. அதனை இம்மண்டபத்தில் இன்று மாலைக்குள் தீர்த்துவிட இயலாது. பௌதிகமும் இரசாயனமும் உயிரியலும் கற்பிக்க ஆசிரியர்கள் உளர். அவர்களிற் பலர் சொல்லாது விடுவது ஒன்றுண்டு. கற்ற பாடத்தைச் சுமந்துகொண்டு பரீட்சை மண்டபத்துள் நுழைவது இத்தேகம். இதற்குத் தாகமெடுக்கும், வியர்க்கும், முதுகு நோகும், சிறுநீர் முட்டும், நெஞ்சு படபடக்கும். இரண்டாண்டு காலம் மூளையைப் பழக்குகின்ற நாம், தேகத்தை ஒரு நாளேனும் பழக்குகின்றோமில்லை. அதைப்பற்றியே இன்று பேச எண்ணுகிறோம். சபையில் மறைத்துப் பேசும் சில சொற்களும் இடையிடையே வரும், பெரியோர் பொறுத்தருள்க.

முதலில் நேரக்கணக்கை நோக்குவோம். 2025ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள் நடந்த பரீட்சைக்கு வினாக்கள் 180, நிமிடங்கள் 180, மதிப்பெண்கள் 720. பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கி 5 மணிக்கு முடிந்தது. "மூன்று மணி நேரந்தானே!" என்பர் கேட்போர். ஆனால் வாயிற்கதவு 1.30 மணிக்கு அடைபட்டுவிடும். 11 மணி முதற்கொண்டே பிள்ளைகளை உள்ளே விடுவர். குலசேகரத்திலிருந்தோ பூதப்பாண்டியிலிருந்தோ வரும் பிள்ளை 9 மணிக்கே பேருந்தில் ஏறியிருக்கும். பிறகு வரிசை, உடற்சோதனை, கைரேகை, இருக்கை. 5 மணி ஆகுமுன் எழுந்து வெளியேற இடமில்லை. ஆகவே, பாடத்தின் கணக்கில் இது மூன்று மணி நேரப் பரீட்சையாயினும், தேகத்தின் கணக்கில் ஏழெட்டு மணி நேரப் பரீட்சையாம். அன்றியும் அவ்வாண்டு அக்கினி நட்சத்திரம் பிறந்த நாளும் அதுவே.

சீன தேசத்தில் அரசாங்க உத்தியோகத்துக்கென நடந்த பழைய பரீட்சைகளைச் சிலர் அறிந்திருப்பீர்கள். நான்கிங் நகரத்தில் அதற்கென ஆயிரக்கணக்கான செங்கற் சிற்றறைகள் இருந்தன. அறைக்கு இரண்டு பலகை. பகலில் ஒன்று மேசை, மற்றொன்று ஆசனம். இரவில் இரண்டையும் சேர்த்தால் கட்டில். ஓர் அமர்வுக்கு மூன்று பகல், இரண்டு இரவு. இவ்வாறு மூன்று அமர்வுகள். 1905ஆம் ஆண்டு அம்முறை ஒழிக்கப்பட்டது. கொடிய முறையே, எனினும் அப்பிள்ளைக்கு உண்ணவும் உறங்கவும் உடம்பு உண்டென்பதை அவ்வரசாங்கம் ஒப்புக்கொண்டிருந்தது. நம் வீடுகளில் அவ்வளவுகூட இல்லை.

இனித் தண்ணீரைப் பற்றிச் சொல்வோம். நம் பெண்பிள்ளைகளிற் பலர் பரீட்சையன்று காலை முதலே தண்ணீர் குடிப்பதில்லை. காரணம் யாவரும் அறிவோம். கழிப்பறை எங்கே இருக்குமோ, எப்படி இருக்குமோ, எழுந்து கேட்டால் மேற்பார்வையாளர் என்ன சொல்வாரோ, பையன்கள் திரும்பிப் பார்ப்பார்களோ என்னும் கூச்சம். சித்திரை வெயிலில் வரிசையில் நின்று வியர்வை சிந்திய தேகத்துக்கு நீரும் மறுக்கப்பட்டால் தலைவலி வரும், கண் இருளும், படித்த வரியையே மறுபடியும் படிக்க நேரும். இதனைப் பிள்ளை தன் அறிவின் குறை என்று எண்ணி மருளுகிறது. குறை அறிவிலன்று, குடத்திலே!

ஆண்பிள்ளைகள் இதற்கு நேர்மாறு. தூக்கம் வரலாகாது என்று இரண்டு வேளைக் காப்பியும் தேநீரும் பருகிவிட்டு ஓடுவர். அவை சிறுநீரைப் பெருக்கும். அச்சமோ, நிறையாத பையையும் நிறைந்ததுபோல் உணர்த்தும். வழக்கமாகக் குடிக்கும் ஒரு கோப்பையோடு நிறுத்திக்கொள்க.

பரீட்சை விதிகள் இவ்விடயத்தில் என்ன சொல்லுகின்றன? தெளிவான கண்ணாடி போன்ற பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோகலாம். தொடங்கிய முதல் ஒரு மணி நேரமும், இறுதி அரை மணி நேரமும் கழிப்பறைக்கு எழுந்து செல்ல இடமில்லை. இடைப்பட்ட காலத்திற் செல்லலாம். திரும்பும்போது மறுபடி சோதனையும் கைரேகையும் உண்டு. 2 மணிக்குத் தொடங்கும் பரீட்சையில் 3 மணி முதல் 4.30 மணி வரை வாயில் திறந்திருக்கிறது என்று பொருள். விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடியவை. அவ்வாண்டு அறிவிப்பேட்டைப் பெற்றோரும் ஒருமுறை வாசித்துவிடுக.

இதை அறிந்தபின் செய்யவேண்டுவது எளிது. காலையில் நன்றாகத் தண்ணீர் குடிக்க. 12 மணிக்குப்பின் சிறுகச் சிறுகக் குடிக்க. இருக்கையில் அமருமுன், தேவை தோன்றினாலும் தோன்றாவிட்டாலும், கழிப்பறைக்குப் போய்வருக. 3 மணிக்குமேல் தேவை எழுந்தால் கையை உயர்த்திக் கேட்க. போய்வர ஐந்தாறு நிமிடம் ஆகும். ஐந்தாறு வினாக்களுக்குரிய நேரம் அது. அடக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் இருப்பவர் இழப்பது அதனினும் மிகுதி; ஏனெனில் அவர் வினாவை வாசிப்பதில்லை, கடிகாரத்தை வாசிக்கிறார். தவறான விடை ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் கழியும் பரீட்சையில், அவசரத்தால் கறுப்பாக்கிய வட்டத்துக்கும் விலையுண்டு. எழுந்து கேட்பது மானக்கேடு என்னும் எண்ணத்தை நம் வீட்டு முற்றத்திலேயே விட்டுச் செல்லவேண்டும். அதை அங்கே விடச்செய்யும் கடமை தாய்மாருடையது.

மாதவிடாய் பற்றியும் சொல்லிவிடுவோம். பரீட்சை நாளில் அது நேரக்கூடும் என்பது முன்கூட்டியே அறியத்தக்க செய்தி. தள்ளிப்போடும் மாத்திரையை அக்கம்பக்கத்தார் சொற்கேட்டு வாங்கிக் கொடுப்பது தவறு. மருத்துவரிடம் ஓரிரு மாதத்துக்கு முன்பே கேட்டல் வேண்டும். வயிற்று நோவுக்கு வழக்கமாகக் கொள்ளும் மருந்தன்றிப் புது மருந்தை அன்று முதன்முறையாகச் சோதிக்கலாகாது. உள்ளே நுழையுமுன் அணையாடையை மாற்றிக்கொள்க. தேவை நேர்ந்தால் மேற்பார்வையிடும் அம்மையாரிடம் தயங்காது சொல்லுக.

உடையிலும் கவனம் வேண்டும். அரைக்கைச் சட்டையும் செருப்புமே விதி, உலோகம் ஆகாது. 2022ஆம் ஆண்டு, நம் எல்லைக்கு அப்பால் கொல்லம் மாவட்டத்து ஆயூரில், உள்ளாடையிலிருந்த உலோகக் கொக்கியைக் காட்டி மாணவியரை அவ்வாடையைக் களையச் செய்தனர் என்று பெருமுறையீடு எழுந்தது. காவல்துறை வழக்குப் பதிந்து சிலரைக் கைதுசெய்தது. அம்மாணவியருக்கு அவ்வாண்டு செப்டம்பர் 4ஆம் நாள் மறுபரீட்சை நடத்தப்பட்டது. மனம் அவமானத்தில் எரியும்போது எந்தப் பிள்ளை எழுத முடியும்? குற்றம் செய்தவர்கள் சோதித்தவர்களே, பிள்ளைகளல்லர். ஆயினும் கொக்கியில்லாத பருத்தியாடையை முன்னரே வாங்கி, அதை அணிந்து சில நாள் வீட்டில் அமர்ந்து எழுதிப் பழகுதல் நன்று.

உணவைப்பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. அன்று அவியலும் எரிசேரியும் பாயசமும் வேண்டா. கஞ்சியோ இட்டிலியோ தயிர்ச்சோறோ, வயிறு அறிந்த உணவே போதும். கைக்குழந்தைக்கும் கொடுக்கும் நம் மட்டிப்பழம் ஒன்றிரண்டு, வரிசையில் நிற்குமுன் உண்ண ஏற்றது. நீரிழிவுள்ள பிள்ளைகள் சர்க்கரை மாத்திரையும் பழமும் உள்ளே கொண்டுபோக இசைவுண்டு.

நிற்க. நெஞ்சின் படபடப்புக்கு வருவோம். அச்சம் தோன்றியவுடன் சிறுநீரகத்தின்மேல் அமைந்த சுரப்பிகள் அட்ரினலினைச் சொரிகின்றன. இதயம் விரைகிறது, உள்ளங்கை வியர்க்கிறது, வயிறு கலங்குகிறது. இது நோயன்று; ஓடவோ போரிடவோ தேகம் ஆயத்தமாகும் வகை. எர்க்ஸ், டாட்சன் என்னும் இரு அமெரிக்க அறிஞர் 1908ஆம் ஆண்டு எலிகளைக்கொண்டு ஆராய்ந்து, கடினமான பணிக்கு மிதமான தூண்டுதல் உதவும், மிகுந்த தூண்டுதல் கெடுக்கும் என்று கண்டனர். படபடப்பு பரீட்சைக்குத் தீங்கன்று, துணையாகவும் கூடும் என்று முன்னரே சொல்லப்பட்ட மாணவர், சொல்லப்படாதவரைவிடக் கணிதத்தில் மேலாக எழுதினர் என 2010இல் வெளிவந்த மற்றோர் அமெரிக்க ஆராய்ச்சி கூறும். மறுவாண்டு 'சயன்ஸ்' இதழில் வந்த கட்டுரையொன்றில், பரீட்சைக்குச் சற்றுமுன் பத்து நிமிடம் தம் அச்சங்களைத் தாளில் எழுதிய மாணவர் நன்மை பெற்றனர் என்று காண்கிறோம். மண்டபத்துள் தாள் கொடுக்கமாட்டார்கள். காலையில் வீட்டில் எழுதலாம், பிறகு கிழித்தெறியலாம். உள்ளே அமர்ந்தபின், மூச்சை இழுப்பதினும் விடுவதை நீளமாக்கி ஐந்தாறு முறை செய்தால் இதயம் தணியும். முதல் வினா தெரியாவிடில் இரண்டாவதற்குச் செல்க. முதல் வினாவுக்கு முதல் மரியாதை செய்யவேண்டும் என்று எவரும் விதிக்கவில்லை.

ஆனால் படபடப்பிற் பாதி வீட்டில் விளைவது. "உன்னை நம்பித்தான் வயலை ஒற்றிவைத்தோம்" என்று பரீட்சைக்கு முன்னிரவு சொல்லும் தந்தையர் நாஞ்சில் நாட்டில் இருக்கிறார்கள். வயல் ஒற்றிக்குப் போனது மெய்யே. அதை அன்றிரவு சொல்வதால் மீளப்போவதில்லை. பரீட்சையன்று காலை சுசீந்திரத்துக்கும் நாகராஜா கோயிலுக்கும் பிள்ளையை அலைத்துச் செல்வோரும் உளர். முன்தினம் போகலாகாதா? இப்பரீட்சையின் பொருட்டுத் தமிழகம் இளம் உயிர்களை இழந்ததை நாம் அறிவோம். ஆசாரிபள்ளத்து அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைப்பது பெரும்பேறே. கிடையாவிடில் மறுவாண்டும் எழுதலாம், வயதின் மேல்வரம்பையும் 2022இல் நீக்கிவிட்டார்கள், வேறு படிப்புகளும் உள. இதைப் பரீட்சை முடிவு வந்தபின் ஆறுதலாகச் சொல்லாது, பரீட்சைக்கு முன்னரே உறுதியாகச் சொல்லிவைத்தல் வேண்டும்.

ஈண்டு நம் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். தைமாதம் முதல் ஞாயிறுதோறும் இம்மண்டபத்திலே, பிள்ளைகள் 11 மணிக்கு வந்து, செருப்போடும் தண்ணீர்ப் பாட்டிலோடும் மரப்பெஞ்சில் அமர்ந்து, 2 முதல் 5 வரை மாதிரித் தாள் எழுதட்டும். 3 மணிக்கும் 4.30 மணிக்கும் இடையே மட்டுமே எழலாம் என்று விதியும் வைப்போம். கையை உயர்த்திக் கேட்கும் பழக்கம் இங்கேயே வரட்டும். மேற்பார்வைக்குத் தாய்மாரில் இருவர் முன்வருக. அதற்குமுன் மண்டபத்தின் பின்புறமுள்ள பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் போடவேண்டும். குழாயிலும் தண்ணீர் வரவில்லை என்று சற்றுமுன் சொன்னார்கள். காரியதரிசி அவர்கள் அடுத்த ஞாயிற்றுக்குள் அதனைப் பார்த்துக்கொள்வார்களாக.