பேனாக்கத்தி



இறகைச் சீவி எழுதிய காலத்தில் பிறந்த பெயர் பேனாக்கத்தி. இறகு போயிற்று, பெயர் நின்றது. இத்தகைய மடக்குக் கத்திகள் பலவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறேன். விலையுயர்ந்தவையும் அவற்றுள் உண்டு. ஆயினும் பெட்டியில் உறங்குவதற்கென எக்கத்தியும் செய்யப்படவில்லை. ஆதலின் நாள்தோறும் ஒன்றைப் பையில் எடுத்துச் செல்கிறேன். குந்தாரப்பள்ளிச் சந்தையில் கயிறு அறுக்கவும், எங்கள் பக்கத்துக் கிளிமூக்கு மாங்காயைக் கீற்றாக நறுக்கவும் அது உதவுகிறது.

1890இல் பிரான்சின் சவாய் மலைநாட்டில் ஜோசப் ஒப்பினெல் வடித்தது எளிய மரப்பிடிக் கத்தி. 1897இல் சுவிட்சர்லாந்தின் கார்ல் எல்செனர் பதிவு செய்ததோ, ஒரே பிடியில் பல கருவிகளை அடக்கியது. சாதாரணக் கரிம எஃகு எளிதில் கூர் ஏறும். மாங்காய்ப் புளிப்புப் பட்டால் கறுக்கும். குரோமியம் மிகுதியாகக் கலந்த எஃகு துருவை எதிர்க்கும். எதுவாயினும், வேலை முடிந்ததும் துடைத்து உலர்த்துதல் வேண்டும்.

கூர்மையே ஆபத்து என்று எண்ணாதீர்கள். மழுங்கிய கத்தியை அழுத்த வேண்டியிருக்கிறது. அழுத்தும்போது அது வழுக்கிக் கையை வெட்டுகிறது. அலகை உடலுக்கு அப்பால் செலுத்துங்கள். பள்ளிக்கும், விமானத்தில் பயணிகள் அமரும் பகுதிக்கும் கத்தியைக் கொண்டு செல்லாதீர்கள். பிறருக்குக் கொடுக்கையில் மடக்கியே கொடுங்கள். மடக்கத் தெரிந்தவனிடமே கத்தியை ஒப்படைக்கலாம்.